பெரிலைச் சுற்றி நடந்தவள்

அந்த நவம்பர் வரை நெரிடா கோப் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. பதினோரு வருஷம் ஒரே அடித்தளத்தில் வேலை செய்திருக்கிறோம், அதனால் இதைச் சத்தியம் செய்தே சொல்லலாம். தேநீரை நின்றுகொண்டு குடிப்பாள். சாண்ட்விச்சை நடந்துகொண்டே தின்பாள், தரையெல்லாம் ரொட்டித்தூள் விழும், நான் கத்துவேன், அவள் கண்டுகொள்ளமாட்டாள். ஏதாவது யோசிக்க வேண்டும் என்றால் பெரிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, ஒரு சுற்று, ரெண்டு சுற்று, இருபது சுற்று. பார்க்கிற நமக்குத்தான் தலை சுற்றும்.

பெரில் என்பது ஒரு ஃப்ரிட்ஜ். வீட்டில் பால் வைக்கிற சமாசாரம் இல்லை. கூரையிலிருந்து தொங்குகிற, ஆளை விடப் பெரிய வெள்ளை உருளை. அதன் அடிவயிற்றில் இருக்கிற குளிர் இந்த உலகத்தில் வேறெங்கும் தானாக வராது. அதற்குக் கீழே போக இடமே இல்லை என்கிற கடைசிக் குளிருக்கு ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குதான் பாக்கி. பிரிஸ்பேன் பல்கலைக்கழகம் ஒன்றின் இயற்பியல் கட்டடத்துக்கு அடியில், வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது, நாங்கள் இதைக் கட்டி அழுதுகொண்டிருந்தோம்.

நெரிடா படித்து வந்தவள் இல்லை. டூவூம்பாவுக்கு மேற்கே ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் குளிர்சாதன மெக்கானிக்காக இருபது வருஷம் இருந்தவள். அந்த ஆலையை மூடினார்கள். எங்கள் விளம்பரத்தில் 'குளிர்சாதன அனுபவம் தேவை' என்று போட்டிருந்ததைப் பார்த்து, நேராக வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நேர்காணலில் பேராசிரியர் டங்கன், "இது கொஞ்சம் வேற மாதிரி குளிருங்க" என்று தயங்கியபோது, "கறி இல்லாத குளிர், அவ்வளவுதானே?" என்று கேட்டாளாம். பெரில் என்ற பெயரும் அவள் வைத்ததுதான். ஆலையில் அவளுக்கு மேலாளராக இருந்த ஒரு பெண்மணியின் பெயர். "அவளும் இப்படித்தான். கிட்டப் போனா சில்லுனு இருப்பா. ஆனா வேலையில ஒரு குறை சொல்ல முடியாது" என்றாள்.

என் பெயர் லெஸ். பட்டறை என்னுடையது. கடைசல் எந்திரம், துளை எந்திரம், பித்தளைத் திருகாணிகள் எல்லாம் என் ராஜ்ஜியம். அது போதாதென்று அடித்தளத்தின் பாதுகாப்புப் பொறுப்பும் என் தலையில். ஒரு கூட்டத்தில் எல்லாரும் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் மட்டும் தும்மினேன், அப்படி வந்த பதவி. ஆனால் ஒப்புக்கொண்டால் ஒழுங்காகச் செய்கிற ஜாதி நான். விதி என்றால் விதி. அடித்தளத்தில் யாரும் தனியாக வேலை செய்யக்கூடாது, எப்போதும் ரெண்டு பேர் வேண்டும். வாயு கசிந்தால் மூச்சு நிற்பது தெரியாமலே ஆள் சாய்ந்துவிடுவான். பெரிலின் அறைக் கதவில் 'இரும்பு உள்ளே வரக்கூடாது' என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தேன். கதவோரம் ஒரு மரப்பெட்டி. சாவி, போன், பெல்ட், கடிகாரம் எல்லாம் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே நாற்காலி கூட பிளாஸ்டிக். டங்கனே ஒருநாள் பேண்ட்டைக் கையில் பிடித்தபடி நின்றார், நான் இரக்கம் காட்டவில்லை.

இரும்பு மேல் ஏன் இத்தனை பகை என்று நெரிடாவிடம்தான் கேட்டேன். டங்கனிடம் கேட்டால் கரும்பலகையைத் தேடுவார்.

"உள்ள ஒரு சிப் இருக்கு. சிப்புல ஒரே ஒரு அணு, அதுல ஒரு எலக்ட்ரான். அதைத்தான் நம்ம ஆராய்ச்சிப் பொண்ணு மெலே மூணு வருஷமா வெச்சுப் பாத்துக்கிட்டிருக்கா. அந்த எலக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. மேல பாக்கும், இல்லன்னா கீழ பாக்கும். ரெண்டும் கலந்த ஒரு நிலையிலயும் வைக்கலாம். அப்படி வெச்சா கடிகார முள்ளு மாதிரி சுத்த ஆரம்பிக்கும். எவ்வளவு வேகமாச் சுத்தும்கிறது அதைச் சுத்தி இருக்கிற காந்தப்புலத்தைப் பொறுத்தது."

"சரி, சுத்தட்டும்."

"ஒரு தடவை பாத்தா ஒண்ணும் புரியாது லெஸ். ஆயிரம் தடவை அதே மாதிரி ஆரம்பிச்சு, ஆயிரத்தையும் சேத்துப் பாக்கணும். எல்லா முள்ளும் ஒண்ணாச் சுத்தினா நல்லாத் தெரியும். சுத்துப்பக்கத்துல ஏதாவது அசைஞ்சுக்கிட்டே இருந்துதுன்னு வை. ஒரு தடவை முள்ளு கொஞ்சம் வேகமா ஓடும், அடுத்த தடவை கொஞ்சம் மெதுவா. சேத்துப் பாத்தா ஆளுக்கொரு பக்கம் நிக்கும். கலைஞ்சு போச்சு. எலக்ட்ரான் எங்கயும் போகல, அங்கயேதான் இருக்கு. ஆனா அதுகிட்ட இருந்த அந்த ஒழுங்கு போச்சு, சுத்தி இருக்கிறது அதைத் தின்னுடுச்சு."

இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. கலையாமல் எவ்வளவு நேரம் தாங்குகிறதோ அதுதான் அந்த அறையில் 'நம்பர்'. மற்ற அறைகளில் வானிலை பேசுவார்கள், எங்களிடம் நம்பர் பேசுவார்கள். மெலேயின் சிப்புக்கு நம்பர் இருநூற்று ஐம்பது மைக்ரோநொடி. ஒரு நொடியை நாலாயிரம் துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டு. சிரிக்காதீர்கள், அது பெரிய விஷயம்.

மெலே ஃபிஃபிதா லோகனிலிருந்து பஸ்ஸில் வருகிற டோங்கா வீட்டுப் பெண். முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவர்கள் வழக்கப்படி நெரிடாவை ஆன்ட்டி என்றும் என்னை அங்கிள் என்றும்தான் கூப்பிடுவாள். ஞாயிறு சமைத்த, சேம்பு இலையில் பொதிந்த கறியைத் திங்கட்கிழமை எங்களுக்கும் கொண்டுவருவாள். அந்த மாதிரி சிப் மூன்றுதான் செய்தார்கள். முதல் இரண்டும் பெரிலைச் சூடாக்கித் திறந்தபோது செத்துப்போயின. குளிரிலிருந்து வெளியே வருவதை அந்த சிப்புகள் தாங்குவதில்லை. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்குள் கடைசி அளவீடுகளை எடுத்து முடித்தால் பட்டம். சிப் போனால் மூன்று வருஷம் போச்சு.

ஆகஸ்டில்தான் சனியன் பிடித்தது. அந்த மாதம் பெரிலைப் பாதி சூடாக்கினார்கள். சிப் இருக்கிற அடித்தட்டைத் தொடாமல், மேல் தட்டுகளில் மட்டும் நெரிடா புதுக் கம்பிகள் போட்டாள். ஆறு நாள் வேலை. அந்த வேலை நடக்கும்போதே ஒரு அலுமினிய ஹீலியம் சிலிண்டர் தள்ளுவண்டியிலிருந்து நழுவி அவள் பெருவிரலில் இறங்கியது. கேன்வாஸ் செருப்பு போட்டிருந்தாள், நகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. நான் சும்மா இருப்பேனா? மறுநாளே கதவில் ரெண்டாவது பலகை மாட்டினேன்: 'பாதுகாப்பு பூட்ஸ் இல்லாமல் உள்ளே வரக்கூடாது'. விரல் பக்கம் கவசம் வைத்த, நாலு டன் விழுந்தாலும் நசுங்காத பூட்ஸ். எல்லாருக்கும் அளவெடுத்து வரவழைத்தேன்.

"குதிரைக்கு லாடம் அடிக்கிறியா லெஸ்?" என்று முனகிக்கொண்டே நெரிடா மாட்டிக்கொண்டாள்.

பெரில் மறுபடி குளிர்ந்தது. மெலே அளந்தாள். நம்பர் நாற்பது.

முதலில் யாரும் பதறவில்லை. குளிர்ந்த புதிதில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். செப்டம்பர் முழுக்க நாற்பது, ஐம்பது, ஒருநாள் முப்பத்தைந்து. சில சமயம் ஒரு பத்து நிமிஷம் நன்றாகப் போகும், மெலே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், உடனே விழுந்துவிடும். அந்த சிப் சண்டித்தனம் பிடித்தது. அரை மணிக்கொரு தடவை பக்கத்தில் இருந்து திருகி வழிக்குக் கொண்டுவர வேண்டும், அதனால் மாடியிலிருந்து அளக்க வழியில்லை. தனியாக இருக்கக்கூடாது என்பது என் விதி. ஆக மெலே உள்ளே உட்கார்ந்தால் நெரிடாவும் கூடவே உள்ளே. நம்பர் விழ விழ நெரிடா சுற்றுவதும் கூடிக்கொண்டே போனது.

அக்டோபர் மூன்றாம் வாரம் டங்கன் கீழே இறங்கி வந்தார். மனிதர் தங்கமானவர், குரலை உயர்த்தத் தெரியாது. அதனாலேயே அவர் சொல்வது இன்னும் வலிக்கும்.

"ஆகஸ்ட்ல மாத்தினது கம்பி மட்டும்தான் நெரிடா. எங்கயோ ஒரு கம்பி வழியா வெளியிலிருந்து இரைச்சல் இறங்குது. இந்தத் தடவை அடித்தட்டு வரைக்கும் முழுசாத் திறந்து பாக்கிறதைத் தவிர வேற வழி எனக்குத் தெரியல. திங்கக்கிழமை சூடாக்க ஆரம்பிப்போம்."

மெலே முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கையில் இருந்த பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"திறந்தா இது செத்துடும்" என்றாள் நெரிடா.

"சாகாமலும் இருக்கலாம்."

"ரெண்டு செத்தாச்சு டங்கன். என் கம்பியில தப்பு இல்ல. ஒவ்வொரு பத்த வைப்பையும் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்திருக்கேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. வெளியில என்ன இருக்குன்னு தேடறேன்."

கொடுத்தார். அந்த நாலு நாள் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. லிஃப்டை நிறுத்திப் பார்த்தாள். மேல்மாடிக்காரர்கள் படியேறிச் சபித்தார்கள். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். பம்பை மரக்கட்டை மேல் ஏற்றினாள். சாலையில் போகிற பஸ்ஸுக்கெல்லாம் நேரம் குறித்துவைத்து நம்பரோடு ஒத்துப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் பெரிலைச் சுற்றி இருபது சுற்று. நம்பர் இருபத்தைந்துக்குப் போனது.

வியாழக்கிழமை மத்தியானம் என் பட்டறைக்கு வந்தாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"யோவ் லெஸ், நீயும் கொஞ்சம் யோசியேன். ஆகஸ்ட்ல வேற என்ன மாறிச்சு?"

நான் ஒரு பித்தளைக் கட்டையில் கவனமாக இருந்தேன். எரிச்சலும் கூட. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்: "வேற என்ன, உன் கம்பிதான். ஒத்துக்கிட்டா தலையா போயிடும்?"

அவள் திரும்பிப் போய்விட்டாள். சொன்ன வாயைக் கழுவினால் தேவலை என்று அப்போதே தோன்றியது, ஆனால் எழுந்து பின்னால் போகவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

அன்று சாயங்காலம் எங்கள் ஊர்ப் புயல்மழை ஒன்று பிடித்துக்கொண்டது. கோல்ஃப் பந்து அளவுக்கு ஆலங்கட்டி. கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினவர்கள் எல்லாம் தொப்பலாக நனைந்தார்கள், ஜகரண்டாப் பூவெல்லாம் உதிர்ந்து ஊரே ஊதாச் சேறு. மறுநாள் காலை எதுவுமே நடக்காத மாதிரி வெயில் அடித்தது.

வெள்ளி பத்து மணிக்கு மெலே ஓடிவந்தாள். மூச்சு இரைத்தது.

"அங்கிள்! இருநூத்தி நாப்பது! ஒரு மணி நேரமா இருநூத்தி நாப்பதுலயே நிக்குது! டங்கனைக் கூப்பிட்டாச்சு, வாங்க, வாங்க!"

போனேன். சாவியையும் போனையும் பெட்டியில் போட்டேன். உள்ளே டங்கன் ஏற்கெனவே திரைக்கு முன் குனிந்திருந்தார். நெரிடா பெரிலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள், இந்தத் தடவை சிரித்துக்கொண்டே. "என் கம்பி நல்ல கம்பி, என் கம்பி நல்ல கம்பி" என்று பாட்டு வேறு. எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் என் கண் தானாகக் கீழே போனது. வெறுங்கால்.

"ஏ நெரிடா! பூட்ஸ் எங்கே?"

"நேத்து மழையில ஊறிப்போச்சு. பின்வாசல்ல வெயில்ல காயுது. இன்னிக்கு ஒரு நாள் விட்டுடேன்யா, சாமி."

"ஹீலியம் சிலிண்டர்கிட்ட போய் இன்னிக்கு ஒரு நாள் விழாதேன்னு சொல்லு, கேக்குதான்னு பாப்போம். போய் மாட்டிக்கிட்டு வா!"

"இவன் ஒருத்தன்..." என்று திட்டிக்கொண்டே போனாள். பாதி காய்ந்த பூட்ஸை மாட்டிக்கொண்டு பொதக் பொதக்கென்று வந்தாள். வந்தவள் நிற்பாளா? விட்ட இடத்திலிருந்து சுற்ற ஆரம்பித்தாள்.

திரையில் அழகாக அலை அலையாக ஓடிக்கொண்டிருந்த கோடு மெல்ல மங்கியது. அலை தட்டையானது. டங்கன் ஏதோ பொத்தானை அழுத்தினார். மெலே கையை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். நம்பர் நூற்றிருபது, எண்பது, நாற்பது.

"போச்சு. மறுபடி போச்சு. இப்ப யாரும் எதையும் தொடலையே?" என்றார் டங்கன்.

நெரிடா நின்றுவிட்டாள். மெலே மெதுவாகத் திரும்பி நெரிடாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு பூட்ஸைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, அதைக் கழட்டுங்க."

கழற்றி வெளியே வைத்தோம். நெரிடாவை வெறுங்காலோடு நடக்கச் சொன்னார் டங்கன். பத்து நிமிஷத்தில் இருநூற்று நாற்பது. பிறகு என்னைக் கூப்பிட்டு, என் பூட்ஸையும் கழற்றவைத்து, நெரிடாவின் பூட்ஸை ஒரு துடைப்பக் கட்டையின் நுனியில் தொங்கவிட்டு பெரிலைச் சுற்றி வரச்சொன்னார். அறுபது வயதில், பாதுகாப்பு அதிகாரி, துடைப்பத்தில் நாறுகிற பூட்ஸோடு ஊர்வலம் வந்தேன். நாற்பது.

விரல் கவசம் இரும்பு. அந்த எலக்ட்ரானுக்காக பெரிலுக்குள் வைத்திருக்கிற பெரிய காந்தத்துக்குப் பக்கத்திலேயே மூன்று மாதம் இருந்ததில் அது தானும் காந்தமாகிவிட்டிருக்கிறது. மெலேயின் காலிலும் அதே பூட்ஸ்தான், ஆனால் அவள் ஆடாமல் உட்கார்ந்திருப்பாள். ஒரே இடத்தில் கிடக்கிற இரும்பு பெரிய பிரச்சினை இல்லை, அதைக் கணக்கில் கழித்துவிடலாம் என்றார் டங்கன். நடக்கிற இரும்புதான் வினை. சாவியைத் தடுத்தோம், போனைத் தடுத்தோம், பெல்ட்டை அவிழ்க்கவைத்தோம். பூட்ஸை மட்டும் யாரும் நினைக்கவேயில்லை, ஏனென்றால் அது விதிப்படி வந்தது. 'இரும்பு வரக்கூடாது', 'பூட்ஸ் இல்லாமல் வரக்கூடாது'. ஒரே கதவு, ஒரு சாண் இடைவெளி, ரெண்டும் என் கையெழுத்து. தினமும் அதைத் தாண்டித்தான் எல்லாரும் போய்வந்தோம், நான் உட்பட.

டங்கன் நெரிடாவிடம் போனார். "உங்க வேலையைச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க. திங்கக்கிழமை எதையும் திறக்கப்போறதில்ல" என்றார். மெலே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நெரிடாவுக்கு அது எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"அப்ப மூணு மாசமா நான்தானா?" என்றாள். "என்ன கெடுக்குதுன்னு தேடித் தேடி, நானேதான் கெடுத்துக்கிட்டு இருந்தேனா?"

"நீ இல்ல. என் பலகை" என்றேன். "நேத்து நீ வந்து கேட்டே. ஆகஸ்ட்ல என்ன மாறிச்சுன்னு. கேட்டப்ப நான் உன் காலைப் பாத்திருக்கணும். நாக்குல வந்ததைச் சொல்லிட்டேன். தப்பு என்னோடதுதான் நெரிடா."

"ஆமா, உன்னோடதுதான்" என்றாள். ஈவு இரக்கம் இல்லாமல் சொன்னாள். பிறகு, "டீ போடு போ" என்றாள். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும், போட்டுக் கொடுத்தேன்.

இரும்புக்குப் பதில் பிளாஸ்டிக் கவசம் வைத்த பூட்ஸ் இருக்கிறது. பழைய பூட்ஸ் பலகையைக் கழற்றிவிட்டு, அதை ஒரு வாரத்தில் வரவழைத்தேன்; பூட்ஸ் போடவேண்டும் என்கிற விதியை மட்டும் விடவில்லை. ஆனால் நெரிடா இனி எதையும் நம்புகிற நிலையில் இல்லை. நவம்பர் கடைசியில் மெலே கடைசி அளவீடுகளைத் தொடங்கிய அன்று, நெரிடா அறையில் இருந்த இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, சுவரோரம் போட்டு, உட்கார்ந்தாள். காலைத் தூக்கி நாற்காலி மேலேயே மடித்து வைத்துக்கொண்டாள். கை ரெண்டும் மடியில். நான் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையோ என்று பயந்து உள்ளே ஓடினேன்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. போய்யா. நீயும் அசையாத."

"புது பூட்ஸ்ல இரும்பே இல்ல தாயே, தாராளமா நடக்கலாம்."

"தரை அதிரும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு டங்கனே சொல்லிட்டாரே."

"டங்கன் கம்பின்னும்தான் சொன்னாரு. போ."

காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் நாலு வரை. பதினேழு வேலை நாட்கள். சாப்பாட்டுக்கு வெளியே வருவாள், அப்போது என் பட்டறையைச் சுற்றிச் சுற்றி நடப்பாள், முழங்காலைத் தேய்த்துக்கொள்வாள், ஒரு பழத்தைத் தின்றுவிட்டு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு அது எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இறைச்சி ஆலையில் இருபது வருஷம் அதிர்கிற தரையில் நின்ற கால்கள் அவை, சும்மா இருந்தால் துடிக்கும். ஒருநாள் மடித்த காலை ரெண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். நம்பர் ஒருநாளும் இருநூற்று ஐம்பதுக்குக் கீழே இறங்கவில்லை. கடைசி வாரம் இருநூற்று எழுபது.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு அளவீடு முடிந்தது. ஏப்ரலில் மெலே, தடித்த நீல அட்டை போட்ட தன் ஆய்வேட்டின் மூன்று பிரதிகளோடு கீழே வந்தாள். ஒன்றை நெரிடாவிடம் கொடுத்தாள், ஒன்றை என்னிடம். நன்றி சொல்லும் பக்கத்தில் டங்கன் பெயர், அம்மா அப்பா பெயர், சர்ச் சபைக்காரர்கள் பெயர். அதற்குக் கீழே: 'பதினேழு நாட்கள் எனக்காக அசையாமல் உட்கார்ந்திருந்த நெரிடா ஆன்ட்டிக்கு.' என் பெயரும் இருந்தது, ஒரு பலகையைக் கழற்றியதற்காக.

நெரிடா அதை நின்றபடியே படித்தாள். மறுபடி படித்தாள். புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டு, குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தாள். அன்றைக்குள்ள அளவீடெல்லாம் முடிந்திருந்தது. பெரிலின் அறைக்குள் போய், இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தாள். ஒரு சுற்று, ரெண்டு சுற்று, இருபது சுற்று. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், காலில் பூட்ஸ் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.